கடல் வரைபடத்தின் மேல் ஊடுருவித் தெரியும் பேனல்: கன்ட்ரோலாக வைப்பதா, நாமே வரைவதா?

தெற்குக்கடல் (மண்டபம்)

விசைப்படகு வைத்திருக்கும் ஒருவருக்காக சி ஷார்ப்பில், விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஒரு மென்பொருள் எழுதுகிறேன். டிரைவர் அறையில் ஒரு பழைய லேப்டாப், அதில் விண்டோஸ் 7, யூஎஸ்பியில் ஜிபிஎஸ். ஒரு பிக்சர்பாக்ஸில் கடல் வரைபடத்தை என் நிரலே வரைகிறது: ஆழ எண்கள், தீவுகள், படகு வந்த தடம், இலங்கையுடனான எல்லைக்கோடு. அதன் மேல் எழுத்து காட்டும் கன்ட்ரோல்களாக ஆறு லேபிள்கள்: அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், திசை, நேரம், எல்லைக்கோட்டுக்கு எத்தனை கடல் மைல்.

லேபிளின் பின்னணி நிறமான பேக்கலரை டிரான்ஸ்பரன்ட் என்று வைத்தால் வரைபடம் தெரியவில்லை, ஃபார்மின் சாம்பல் நிறம்தான் தெரிகிறது. இணையத்தில் பார்த்து டிரான்ஸ்பரன்ட் எக்ஸ்-ஸ்டைல் என்ற கூடுதல் விண்டோ அமைப்பைப் போட்டு, பின்னணி வரைவதை நிறுத்திப் பார்த்தேன். இப்போது பழைய எண் அழியாமல் புது எண் அதன் மேலேயே விழுகிறது. ஜிபிஎஸ் நொடிக்கு ஒரு தடவை நிலையை அனுப்புகிறது, அதனால் கொஞ்ச நேரத்தில் அந்த இடம் வெறும் கறுப்புக் கட்டியாகிவிடுகிறது. சரியான வழி எது? தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது, அதற்குள் படகில் ஏற்ற வேண்டும்.

கீழக்கரை பாய்

தம்பி, விண்டோஸ் ஃபார்ம்ஸில் உண்மையாக ஊடுருவித் தெரியும் கன்ட்ரோல் என்று ஒன்று கிடையவே கிடையாது. அதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு லேபிளும் தனி விண்டோ. பேக்கலர் டிரான்ஸ்பரன்ட் என்றால், அந்த லேபிள் தன்னைத் தாங்கும் பேரன்டைக் கூப்பிட்டு "என் இடத்தில் உன்னை வரைந்து கொடு" என்று கேட்கிறது. டிசைனரில் இழுத்துப் போட்ட லேபிளுக்கு பேரன்ட் ஃபார்ம்தான், பிக்சர்பாக்ஸ் இல்லை. அதனால்தான் சாம்பல் நிறம். நிரலில் லேபிளின் பேரன்டாக பிக்சர்பாக்ஸை வைத்து லொகேஷனைத் திருத்தினால் வரைபடம் தெரியும். ஆல்ஃபா (நிறத்தின் அடர்த்தியை 0 முதல் 255 வரை சொல்லும் எண்) 120 உள்ள கறுப்பை பேக்கலராக வைத்தால் அரை நிழலும் கிடைக்கும்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. லேபிள் பேரன்டை வரையச் சொல்லும்போது உங்கள் பெயின்ட் நிரல் (திரையில் வரையும் பகுதி) முழுவதும் இன்னொரு தடவை ஓடுகிறது. கிளிப் எல்லைக்கு வெளியே உள்ளது திரைக்கு வராது என்பது சரிதான், ஆனாலும் ஆழ எண்களைச் சுற்றிவரும் லூப் ஓடியே தீரும். ஆறு லேபிளும் மாறினால், ஒரு நொடிக்குள் வரைபடத்துக்காக ஒன்று, லேபிள்களுக்காக ஆறு என்று ஏழு ஓட்டம். பழைய லேப்டாப்பில் விசிறி இரைச்சல் போடும்.

நீங்கள் போட்ட எக்ஸ்-ஸ்டைல் வேறு விஷயம். அது விண்டோவை ஊடுருவித் தெரிய வைப்பதில்லை. கீழே இருக்கும் உடன்பிறப்பு விண்டோக்கள் வரைந்து முடித்த பிறகு இதை வரை என்று வரிசையை மட்டும் சொல்கிறது. பின்னணியை யாரும் துடைக்காததால் எண்கள் குவிகின்றன.

என் வழி: லேபிள்களை எடுத்துவிடுங்கள். வரைபடத்தை ஒரே ஒரு தடவை பிட்மேப்பில் வரைந்து வையுங்கள், 32 பிட் ப்ரீமல்டிப்ளைட் (நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைத்த) வடிவத்தில். பெயின்டில் முதலில் அந்தப் பிட்மேப், அடுத்து தடம், படகு, அப்புறம் ஆல்ஃபா உள்ள சாலிட்பிரஷ்ஷில் ஒரு கட்டம், கடைசியாக எழுத்து. எண் மாறினால் அந்தக் கட்டத்தை மட்டும் இன்வாலிடேட் செய்யுங்கள், அதாவது திரும்ப வரையச் சொல்லுங்கள். பிக்சர்பாக்ஸ் டபுள் பஃபரிங் (மறைவில் வரைந்து முடித்து ஒரேயடியாகக் காட்டுவது) உள்ளது, மினுக்காது.

தொண்டிக்காரன்

பாய் சொன்ன விளக்கம் சரி. முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை.

பேனலில் எண்கள் மட்டும் இருக்கும் வரைக்கும் நீங்களே வரையலாம். நாளைக்கு அந்தச் சொந்தக்காரர் "வலை போட்ட இடத்தைக் குறிக்க ஒரு பட்டன் வை" என்பார். அப்போது மவுஸ் எங்கே விழுந்தது என்று நீங்களே கணக்குப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் நிறம் மாற வேண்டும், கீபோர்டில் டேப் அடித்தால் ஃபோகஸ் வர வேண்டும். கன்ட்ரோல் இதையெல்லாம் இலவசமாகத் தருகிறது. வரைந்த பட்டன் ஸ்கிரீன் ரீடருக்குத் தெரியவும் தெரியாது. தனியாக ஆக்சஸிபிள் ஆப்ஜெக்ட் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

விண்டோஸ் ஃபார்ம்ஸுக்குப் பதில் டபிள்யூபிஎஃப் இருக்கிறது, ஜன்னல்கள் எழுத மைக்ரோசாஃப்ட் தந்த இன்னொரு வழி. அது வந்தது 2006-ல், டாட்நெட் 3.0-வோடு. அதில் ஒரு ஜன்னலுக்கு, விண்டோஸ் அதை அடையாளம் காணும் ஹேண்டில் ஒன்றே ஒன்றுதான். உள்ளே இருப்பதெல்லாம் ஒரே மரம், கீழிருந்து மேலாகக் கலக்கப்படுகிறது. பேனலின் பேக்ரவுண்டில் ஆல்ஃபா வைத்தால் பின்னணி மட்டும் மங்கும், எழுத்து அழுத்தமாகவே நிற்கும். பேனல் மொத்தத்தின் அடர்த்தியான ஓபாசிட்டியைக் குறைத்தால்தான் எழுத்தும் சேர்ந்து மங்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் மொத்தத்தையும் மங்க வைத்துவிடுகிறார்கள். இன்னொன்று: பேக்ரவுண்டே இல்லாத பேனல் மவுஸைப் பிடிக்காது, க்ளிக் கீழே வரைபடத்துக்குப் போய்விடும். டிரான்ஸ்பரன்ட் என்று கொடுத்தால் பிடிக்கும். எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் ஃபார்ம்ஸில் இதற்கு விண்டோ மெசேஜைத் தடுத்து எழுத வேண்டும்.

கீழக்கரை பாய்

தொண்டிக்காரரே, தடைக்காலம் முடிவதற்குள் மொத்தத்தையும் டபிள்யூபிஎஃப்-க்கு மாற்றச் சொல்கிறீர்களா? தம்பி, ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் வரைபடம் எதிலாவது காட்டுகிறீர்களா?

தெற்குக்கடல்

ஆமாம் பாய். கீழே ஒரு பட்டையாக வருகிறது. விலைக்கு வாங்கிய விண்டோஸ் ஃபார்ம்ஸ் கம்பொனென்ட். அதன் மேல் ஆழக் குறைவு எச்சரிக்கையும் வர வேண்டும்.

கீழக்கரை பாய்

அங்கேதான் மாட்டுகிறது. அந்தக் கம்பொனென்டுக்குச் சொந்த ஹேண்டில் இருக்கிறது. டபிள்யூபிஎஃப்-க்குள் ஹோஸ்ட் செய்தால் அந்தச் செவ்வகம் முழுக்க அதற்கே சொந்தம். டபிள்யூபிஎஃப் பேனலை அதன் மேல் வைத்தால் ஊடுருவித் தெரிவது இருக்கட்டும், பேனலே தெரியாது. ஏர்ஸ்பேஸ் பிரச்சினை என்று சொல்வார்கள். ஒரு தொல்லையை விட்டு இன்னொன்றில் மாட்டுவானேன்?

விண்டோஸே கீழிருப்பதோடு கலந்து காட்டும் லேயர்டு விண்டோவைப் பற்றியும் யாராவது சொல்வீர்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். அது விண்டோஸ் 2000-லிருந்து உண்டு. ஆனால் இன்னொரு ஜன்னலுக்குள் இருக்கும் சைல்டு விண்டோவுக்கு விண்டோஸ் 8-லிருந்துதான். தம்பியின் லேப்டாப்பில் ஓடாது.

தொண்டிக்காரன்

எச்சரிக்கையை அந்தப் பட்டைக்கு மேலே ஒட்டாமல் பக்கத்தில் வைத்தால் ஏர்ஸ்பேஸ் வராது. ஒரு கம்பொனென்டுக்காக எல்லாவற்றையும் கையால் வரைவது நியாயமில்லை. லேயர்டு விண்டோவும் முழுக்க அடைபடவில்லை: பார்டர் இல்லாத தனி ஃபார்மை மேலே மிதக்க விடலாம், டாப்-லெவல் என்பதால் விண்டோஸ் 7-லும் ஓடும்.

கீழக்கரை பாய்

ஓடும். முதன்மை ஜன்னலை நகர்த்தினாலும் சுருக்கினாலும் அதைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஃபார்மின் ஓபாசிட்டியைக் குறைத்தால் எழுத்தும் மங்கும். அதைத் தவிர்க்கப் புள்ளிக்குப் புள்ளி ஆல்ஃபா கொடுத்து ஒரு பிட்மேப்பைத் தயாரித்துத் தர வேண்டும். அதுவும் கையால் வரைவதுதானே?

விசைப்படகு (ராமேஸ்வரம்)

டிப்ளமோ முடித்துவிட்டு அப்பாவோடு கடலுக்குப் போகிறவன் நான். நிரல் வாசிக்கத் தெரியும். எப்படி வரைவது என்று இரண்டு அண்ணன்களும் மல்லுக்கட்டுகிறீர்கள். ஊடுருவித் தெரியத்தான் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மத்தியானம் டிரைவர் அறைக்குள் வெயில் சரிந்து அடிக்கும்போது திரையில் பாதி தெரியாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பேனலில் 3 என்று எழுதி, அதற்குப் பின்னால் வரைபடத்தின் 6 என்கிற ஆழ எண்ணும் தெரிந்தால், அது 8 ஆகத்தான் கண்ணில் விழும். எல்லைக்கோடு மூன்று மைலில் இருக்கும்போது டிரைவர் எட்டு மைல் இருக்கிறது என்று நினைத்தால் என்ன ஆகும்? 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட கோடு கடலில் கண்ணுக்குத் தெரியாது. இந்தத் திரையில் மட்டும்தான் தெரியும். தாண்டினால் படகும் போச்சு, ஆட்களும் சிறையில்.

எனக்கு வேண்டியது முழுக் கறுப்புக் கட்டம், அதில் பெரிய வெள்ளை எண். அவ்வளவுதான்.

தெற்குக்கடல்

தம்பி, முழுக் கறுப்பு என்றால் அந்த இடத்து வரைபடம் மறைந்துபோகுமே. தெற்குக் கடலில் தீவுகளை ஒட்டிப் பவளப்பாறை இருக்கிறது. ஒரு மூலையை மறைத்தால் அங்கே பாறை இருப்பதே தெரியாது. அதற்காகத்தான் ஊடுருவித் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

விசைப்படகு

அண்ணே, பேனலை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

தெற்குக்கடல்

வலது பக்க மேல் மூலை.

விசைப்படகு

வடக்கு மேலே இருக்கும் வரைபடத்தில் நமக்குக் கரை மேற்கே, கோடு கிழக்கே. நீங்கள் பேனலைக் கோட்டின் மேலேயே வைத்திருக்கிறீர்கள்! இடது பக்கம் தள்ளுங்கள். அங்கே மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம் எல்லாம் நிலம். நிலத்தை மறைத்தால் யாருக்கு நஷ்டம்?

தொண்டிக்காரன்

கரையை ஒட்டி இருக்கும்போது சரி. ஜூம் செய்தால் திரை முழுக்கக் கடல்தான், இடது பக்கமும் கடல்தான். அப்போது ஏதாவது ஒன்று மறையத்தான் செய்யும். அதனால் ஊடுருவலைத் தூக்கி எறிய வேண்டாம், அளவைச் சரியாக வைத்தால் போதும். அதற்குக் கணக்கு இருக்கிறது. மேல் நிறத்தை ஆல்ஃபாவால் பெருக்கு, கீழ் நிறத்தை மிச்சத்தால் பெருக்கு, இரண்டையும் கூட்டு. வரைபடத்தில் ஆழமான கடல் வெள்ளையாகவும் ஆழம் குறைந்த இடம் நீலமாகவும் இருக்கும். வெள்ளைக்கு மேல் பாதி ஆல்ஃபா கறுப்பு வைத்தால் நடுச் சாம்பல் வரும். அதில் வெள்ளை எழுத்தின் கான்ட்ராஸ்ட் 4-க்கு ஒன்றுகூட வராது. இணைய அணுகல் வழிகாட்டுதலில் சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5. ஆல்ஃபாவை 70 சதவீதமாக்கினால் 8-ஐத் தாண்டும். பின்னால் இருக்கும் ஆழ எண்ணும் அந்த அளவுக்கு அமுங்கிவிடும்.

விசைப்படகு

அந்த 4.5 எல்லாம் அறைக்குள் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அண்ணே. வெயில் திரையில் பட்டால் கறுப்பே சாம்பலாகிவிடும். 70 வைத்தாலும் எல்லைத் தூரம் மட்டும் 100 இருக்கட்டும்.

கீழக்கரை பாய்

இதில் நான் விசைப்படகுத் தம்பி பக்கம். நாமே வரைவதால் இதைச் செய்வது எளிது. மற்ற ஐந்து எண்களுக்கும் 70 சதவீதக் கட்டம், எல்லைத் தூரத்துக்குத் தனி பிரஷ், ஆல்ஃபா 255. தூரம் குறைந்தால் அதே பிரஷ்ஷின் நிறத்தைச் சிவப்பாக்கு. வரையும் வரிசையில் எல்லைக்கோட்டை பேனலுக்குப் பிறகு வை: பேனல் எங்கே இருந்தாலும் கோடு அதற்கு மேலேதான் ஓடும். லேபிளை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா? சைல்டு விண்டோவுக்கு மேல் பேரன்ட் வரையவே முடியாது.

தொண்டிக்காரன்

கோடு பேனலுக்கு மேலே ஓட வேண்டும் என்றால், விண்டோஸ் ஃபார்ம்ஸில் வரைவதுதான் வழி. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டனை வரையக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. ஈரக் கையோடு டச்பேடைத் தேய்ப்பவருக்கு கீபோர்டில் ஒரு விசை வேண்டும், ஃபோகஸ் வேண்டும், அழுத்தியது பதிந்ததா என்று தெரிய வேண்டும். வலை குறிக்கும் பட்டனும் நங்கூரக் குறியும் உண்மையான பட்டன்களாக, வரைபடத்துக்கு வெளியே இடது ஓரப் பட்டையில் இருக்கட்டும். ஊடுருவித் தெரியும் பட்டனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

தெற்குக்கடல்

சரி, பட்டன்கள் இடது ஓரத்தில், ஃபங்ஷன் விசைகளோடு. எண்களை வரைபடத்திலேயே வரைகிறேன், பேனல் இடது பக்கம். எல்லைத் தூரம் முழுக் கறுப்பில். ஒரு சந்தேகம்: தலைப்புகளைத் தமிழில் எழுதப் போகிறேன், நிர்மலா ஃபான்டில்.

கீழக்கரை பாய்

நிர்மலா விண்டோஸ் 8-லிருந்துதான் வருகிறது தம்பி. உங்கள் லேப்டாப்பில் லதாதான் இருக்கும், அதையே வையுங்கள். எழுத்தை ஊடுருவும் பிட்மேப்பின் மேல் தனியாக எழுதி ஒட்டாதீர்கள், எழுத்து ஓரங்களை வழுவழுப்பாக்கும் கிளியர்டைப் அங்கே கறுப்புப் பிசிறு விடும். வரைபடமும் கட்டமும் விழுந்த பிறகு அதே கிராஃபிக்ஸில் நேராக எழுதுங்கள்.

விசைப்படகு

படகில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் லேப்டாப்பைப் பாம்பன் துறைமுகத்துக்குக் கொண்டுவாருங்கள் அண்ணே. அப்பாவைப் பார்க்க வைக்கிறேன். அவர் கண்ணாடி போடாமல் எல்லைத் தூரத்தைப் படித்தால் போதும்.