லேசான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: மருந்தை எப்போது தொடங்குவது?

குழுவினருக்கு வணக்கம். கண்ணை அசைத்தால் வலியும், சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிவதுமாக என் தங்கைக்கு வந்த பார்வை நரம்பு அழற்சி, ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் முற்றிலும் சரியாகிவிட்டது. ஆனால் எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையிலும் தண்டுவடத்திலும் தழும்புகளும், தண்டுவட நீரில் ஆலிகோகுளோனல் பட்டைகளும் (நரம்பு மண்டலத்தில் அழற்சி இருப்பதைக் காட்டும் எதிர்ப்புப் புரதங்கள்) தெரிந்ததால், இந்நோயைக் கண்டறிய உதவும் 2017ஆம் ஆண்டு மெக்டொனால்டு வரையறைப்படி இது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்தான் (உடலின் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) என்று உறுதிசெய்துள்ளனர்.

ஒரு மருத்துவர் உடனே டைமெத்தில் ஃபியூமரேட் (நோய் திரும்பத் தாக்குவதைக் குறைக்கும் மருந்து) தொடங்கச் சொல்கிறார். இன்னொருவரோ, லேசான வகைதான், ஆறு மாதம் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார். லேசானதா என்பது பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும் என்பதால், காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தங்கையோ குழந்தைப்பேற்றை எண்ணித் தயங்குகிறாள்.

இதே நிலையில் மருந்தைத் தொடங்கியவர்களும் தள்ளிப்போட்டவர்களும் எதை வைத்து முடிவெடுத்தீர்கள், மருத்துவரிடம் என்னென்ன கேட்டீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.