மலேசியா, 4 பேர், 7 நாள், 2,20,000 ரூபாய்: என் கணக்கில் எங்கே ஓட்டை இருக்கிறது?

செங்கோட்டை ஆசிரியை (கேள்வி)

வணக்கம். வரும் காலாண்டு விடுமுறையில் (2025 செப்டம்பர் கடைசியில்) குடும்பத்தோடு மலேசியா போக நினைக்கிறோம். நான், கணவர், 12 வயது மகள், 67 வயது மாமியார். மாமனார் இளவயதில் பினாங்கில் வேலை பார்த்தவர். அவர் அங்கிருந்து எழுதிய கடிதங்களை அத்தை இன்னும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். அந்த ஊரையும் பத்துமலை முருகனையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அத்தையின் ஆசை.

சீட்டுப் பணம் 1,40,000 இருக்கிறது. அத்தை தன் வைப்புத்தொகையிலிருந்து 80,000 தருகிறார். ஆக 2,20,000. இதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் நகையைத்தான் அடகு வைக்க வேண்டும். அது கூடாது என்று உறுதியாக இருக்கிறேன்.

என் கணக்கு இது. திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஆளுக்கு 19,500 வீதம் 78,000. தங்கும் அறை 7 இரவு, இரவுக்கு 4,500 வீதம் 31,500. சாப்பாடு நாளைக்கு 2,500 வீதம் 17,500. உள்ளூர்ப் போக்குவரத்து, பினாங்கு ரயில் எல்லாம் 25,000. நுழைவுச் சீட்டுகள் 15,000. கடைச் செலவு 20,000. மொத்தம் 1,87,000.

பயண ஏற்பாட்டாளர் ஒருவர் ஆளுக்கு 49,500 என்றார். நால்வருக்கு 1,98,000. வெறும் 11,000 தான் கூடுதல், அலைச்சல் இல்லை என்று சரி சொல்லப் போனேன். ஆனால் அவர் அனுப்பிய மதிப்பீட்டுச் சீட்டில் 2,18,295 என்று இருக்கிறது. கேட்டால் வரி என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். இந்த 20,295 எங்கிருந்து வந்தது? என் சொந்தக் கணக்கிலும் இப்படி ஏதாவது ஒளிந்திருக்கிறதா?

கொழிஞ்சாம்பாறை கணக்கர்

சகோதரி, முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள். அந்தத் தொகையில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது ஜிஎஸ்டி 5 சதவீதம். 1,98,000-க்கு 9,900. இது போனது போனதுதான். மொத்தம் 2,07,900 ஆகிறது. அதன் மேல் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) 5 சதவீதம், 10,395. இரண்டையும் கூட்டினால் உங்கள் 2,18,295 சரியாக வருகிறது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரை இந்த 5 சதவீதம், அதற்கு மேல் 20.

டிசிஎஸ் செலவு அல்ல. உங்கள் பான் எண்ணின் பேரில் அரசிடம் முன்கூட்டியே போய்ச் சேரும் பணம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்பப் பெறலாம். ஆனால் யாருடைய பான் எண்ணைக் கொடுத்தீர்கள்? அதுதான் முக்கியம். கணக்கே தாக்கல் செய்யாத ஒருவரின் எண் என்றால், இந்த 10,395-க்காகவே அவர் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

இன்னொன்று. தனியாக விமான டிக்கெட் மட்டும், வேறோர் இடத்தில் அறை மட்டும் என்று நீங்களே எடுத்தால் அது தொகுப்பு ஆகாது. இந்தப் பிடித்தம் வராது.

செங்கோட்டை ஆசிரியை

ஐயா, அத்தையின் பான் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறேன். அவர் பணம் தருகிறார் என்பதால் அவர் பேரிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். அவர் வாழ்நாளில் வரிக் கணக்கு தாக்கல் செய்ததில்லை. நல்லவேளை, இன்னும் பணம் கட்டவில்லை.

மார்த்தாண்டம் ரப்பர்

தங்கச்சி, நாங்கள் மே மாதம் இதே திருவனந்தபுரம் – கோலாலம்பூர் வழியில் ஐந்து பேர் போய் வந்தோம். உங்கள் கணக்கில் எனக்குத் தெரியும் ஓட்டைகளைச் சொல்கிறேன்.

19,500 என்பது பை இல்லாத கட்டணமா என்று பாருங்கள். மலிவு விமானங்களில் கையில் 7 கிலோதான். அத்தையின் மருந்து, சேலை, திரும்பும்போது வாங்கிவரும் சாமான் எல்லாம் 7 கிலோவுக்குள் அடங்காது. நால்வருக்கும் சேர்த்து இரண்டு பெரிய பைக்குப் பணம் கட்டினால் போதும், ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே கட்டிவிடுங்கள். விமான நிலையத்தில் போய்க் கட்டினால் விலை வேறு. போக வர இரண்டு பைக்கு எங்களுக்கு 12,000 ஆனது.

அடுத்தது தேதி. இங்கேதான் நாங்கள் அடிபட்டோம். இந்த வழியில் விமானம் நள்ளிரவு கடந்து புறப்படும். டிக்கெட்டில் 27-ஆம் தேதி 00:25 என்று இருந்தால், 26 இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். என் மைத்துனர் 27 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அன்று மாலை வீட்டிலிருந்து கிளம்பத் தயாரானார். விமானம் போய் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் டிக்கெட் முழுவதும் போயிற்று. அவர் மனைவி அழுத அழுகை இன்றும் காதில் இருக்கிறது.

அதே தேதிக் கணக்கு உங்களுக்கு ஒரு லாபமும் தரும். 27 காலை இறங்குகிறீர்கள், 3-ஆம் தேதி இரவு அங்கிருந்து ஏறினால் தங்குவது 6 இரவுதான், 7 அல்ல. ஒரு 4,500 மிச்சம். ஆனால் காலை ஏழு மணிக்கு இறங்குபவருக்கு மதியம் இரண்டு, மூன்று மணிவரை அறை கிடைக்காது. அத்தைக்காக முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். எங்களுக்குப் பையை வாங்கி வைத்துக்கொண்டு முகம் கழுவ இடம் கொடுத்தார்கள்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு விரைவு ரயில் பெரியவருக்கு 55 ரிங்கிட் (மலேசியப் பணம்). மூவருக்கே 165, அதற்கு மேல் குழந்தைக்கு. நாங்கள் செயலியில் பிடித்த பெரிய வண்டி 90 ரிங்கிட்டில் அறை வாசலில் இறக்கியது. தனி ஆளுக்கு ரயில், குடும்பத்துக்கு வண்டி.

செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் வரை என்ன ஏற்பாடு? அது உங்கள் கணக்கில் இல்லவே இல்லை.

ராஜபாளையம் வாசகர்

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு. சில நாட்களில் ஆளுக்கு 2,000 வரை குறைவாகக் கிடைக்கிறது. பார்த்தீர்களா?

செங்கோட்டை ஆசிரியை

பார்த்தேன் அண்ணா. 8,000 மிச்சமாகும். ஆனால் இங்கிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு தூரம். அத்தையின் முழங்காலை நினைத்தால், புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு வழியாகப் போவதுதான் சரி. கார் விசாரித்தேன். கேரளப் பெர்மிட் உட்பட ஒரு நடைக்கு 4,500 என்றார்கள். போக வர 9,000. பக்கத்து ஊர் போல நினைத்து இதை எழுதாமலே விட்டிருக்கிறேன்.

கம்பம் திராட்சை

அக்கா, நானும் மே மாதம் உறவினர் திருமணத்துக்காகப் பினாங்கு போய் வந்தேன். பணம் மாற்றுவது பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் ரிங்கிட்டை இணையத்தில் காட்டும் விலையில்தானே பெருக்கினீர்கள்? அந்த விலைக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். ஒரு ரிங்கிட்டுக்கு இணையத்தில் 20 ரூபாய் சொச்சம் என்றிருப்பது, கையில் நோட்டாக வாங்கும்போது 21-ஐத் தாண்டும். ரிங்கிட்டில் செய்யும் எல்லாச் செலவுக்கும் 5 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். நோட்டு மாற்றுவதற்கான ஜிஎஸ்டியைக் கண்டு பயப்பட வேண்டாம். 50,000 ரூபாய்க்கு 90 ரூபாய்தான் வரும். விலை வித்தியாசம்தான் தின்கிறது. ஆகவே இரண்டு மூன்று இடத்தில் கேட்டு மாற்றுங்கள், விமான நிலையக் கவுன்ட்டரைக் கடைசிக்கு விடுங்கள். 50,000-க்கு மேல் மாற்றினால் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, வங்கி வழியாகத்தான்.

சாதாரண வங்கி அட்டையில் தேய்த்தால் பெரும்பாலும் மூன்றரை சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். 10,000-க்கு 413 ரூபாய். வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. பினாங்கில் ஒரு துணிக்கடையில் 210 ரிங்கிட்டுக்கு அட்டையைக் கொடுத்தேன். இயந்திரத்தின் சின்னத் திரையில் இரண்டு வரி வந்தது. மேலே 210 ரிங்கிட், கீழே 4,450 ரூபாய். நம் பணத்தில் தெரிகிறதே என்ற நிம்மதியில் கீழே உள்ளதைத் தொட்டேன். அன்றைய விலைக்கு அது 4,200 தான். 250 ரூபாய் ஒரு விரல் தொட்டதில் போனது. எப்போதும் ரிங்கிட்டையே தொடுங்கள்.

அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. வெளிநாட்டவரிடம் அங்கேயே வாங்குவார்கள். ஆளுக்கல்ல, அறைக்கு. நால்வரும் ஓர் அறை என்றால் 6 இரவுக்கு 60 ரிங்கிட்.

விசா இப்போது நமக்குத் தேவையில்லை, 30 நாள் வரை தங்கலாம். ஆனால் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், குழந்தைக்கும் சேர்த்து. அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல, உடனே வெளியே வந்துவிடுங்கள்.

மார்த்தாண்டம் ரப்பர்

அத்தைக்குக் காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள். நம் வயதுக்குச் சில நூறு ரூபாயில் முடியும். 60 தாண்டியவர்க்குப் பல மடங்கு கேட்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்து எடுத்த காப்பீடு ஆபத்தில் கைகொடுக்காது.

செங்கோட்டை ஆசிரியை

நேற்றிரவு மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன்.

விமானம் 78,000, பை 12,000, திருவனந்தபுரம் கார் 9,000. அறை 6 இரவு 27,000, சுற்றுலா வரி 1,260. சாப்பாடும் போக்குவரத்தும் பழையபடி 17,500, 25,000. நுழைவுச் சீட்டை 8,000 ஆகக் குறைத்தேன். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏற நால்வருக்கு என்று 7,000 போட்டிருந்தேன், கீழே பூங்காவில் நின்று பார்ப்பது இலவசம், மேலே ஏற வேண்டாம் என்று மகளே சொல்லிவிட்டாள். காப்பீடு 5,000, சிம் 1,500. கடைச் செலவு 15,000. ரிங்கிட் வித்தியாசம் 3,300. மொத்தம் 2,02,560. அதன் மேல் தொடாத பணமாக 15,000. ஆக 2,17,560.

முதலில் எழுதிய 1,87,000-ஐ நம்பிப் போயிருந்தால் அங்கே போய்க் கை பிசைந்து நின்றிருப்பேன். ஏற்பாட்டாளரின் சீட்டையும் மறுபடி படித்தேன். காலை உணவு மட்டும்தான் அதில் சேர்த்தி. மதியமும் இரவும், காரும், கடைச் செலவும் தனி. அவற்றைக் கூட்டினால் இரண்டரை லட்சத்தைத் தொடுகிறது. நாளை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரே கவலை பத்துமலை. 272 படி. பக்கத்தில் உள்ள பண்பொழித் திருமலை முருகன் கோயிலுக்கே அத்தை இப்போது வண்டியில்தான் போகிறார்.

கம்பம் திராட்சை

கவலை வேண்டாம் அக்கா. அந்த 42.7 மீட்டர் முருகன் படிக்குக் கீழேதான் நிற்கிறார். அடிவாரத்திலும் சன்னதிகள் இருக்கின்றன. குகைக் கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. காலை எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள். வெயில் ஏறினால் அந்தத் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அத்தையோடு ஒருவர் கீழே இருங்கள், மற்றவர்கள் ஏறி இறங்கிய பின் முறை மாற்றிக்கொள்ளுங்கள். பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500-க்கு மேற்பட்ட படிகள். அங்கே அவரை ஏற்ற நினைக்காதீர்கள். அதற்குப் பதில் பினாங்கு தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கி, பாலம் வழியாக வண்டியில் போகாமல், படகில் போங்கள். ஆளுக்கு 2 ரிங்கிட்தான். மாமா அந்தக் காலத்தில் ஊருக்குள் போனதும் அந்தப் படகுத்துறை வழியாகத்தான் இருக்கும்.

செங்கோட்டை ஆசிரியை

டிக்கெட் எடுத்துவிட்டேன். பையோடு சேர்த்து 89,600. நாட்காட்டியில் 27-ஐ அடித்துவிட்டு 26 வெள்ளியில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். அன்றுதான் மகளுக்குக் கடைசித் தேர்வு. மாலை நான்கு மணிக்குக் கார் வாசலுக்கு வந்துவிடும். படகு பற்றி அத்தையிடம் சொன்னேன். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, அந்தப் படகைப் பற்றி மாமா எழுதியிருந்த கடிதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.