புதுப்பிப்பு: அம்மாவின் இடுப்பு மூட்டு அறுவையும் வலி மாத்திரையும்

இடுப்பு மூட்டு மாற்றிய பின் அம்மாவின் வலிக்கு மரப்பு ஊசியா, டிரமடால் என்ற வலி மாத்திரையா என்று போன மாதம் கேட்டிருந்தேன். புதுச்சேரியில் அறுவை முடிந்து, கடலூர் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது.

மரப்பு ஊசி முதல் இரவைக் காப்பாற்றியது. டிரமடால் வலியை அடக்கியது, சரி. ஆனால் குமட்டல், தலைசுற்றல், மூன்று நாள் மலச்சிக்கல். கஞ்சிகூட இறங்கவில்லை. மருத்துவர் அதைக் குறைத்து, பாராசிட்டமாலை வலி வரும்வரை காத்திராமல் நேரப்படி கொடுக்கச் சொன்னார். 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. பல சளி மாத்திரைகளிலும் அது இருக்கிறது, கவனம். சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம் என்பதால் டைக்ளோஃபெனாக் என்ற வேறொரு வலி மாத்திரை வேண்டவே வேண்டாம் என்றார். (பக்கத்து வீட்டு அத்தை சிபாரிசு செய்தது அதைத்தான்!)

அப்புறம், பயிற்சி முடிந்ததும் துணி சுற்றிய ஐஸ் பை. நேற்று வாக்கரோடு வாசல் வரை போய் மீன்காரம்மாவிடம் பேரம் பேசினார்.