ஏஐ பிராக்டரிங் எக்ஸாம்ல, அதான் சாஃப்ட்வேரே கேமரா வழியா நம்மளைக் கண்காணிக்கிற ஆன்லைன் பரீட்சையில, மாட்டின கதை இருக்கா? இங்க கொட்டுங்க

கடைசிபெஞ்ச்:
2021 ஆன்லைன் செமஸ்டர். ஹால் டிக்கெட்டை கேமராவுக்குக் காட்டுறது, ரூமைச் சுத்திக் காட்டுறது எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்க. எங்க வீட்ல சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் ஹால் மூலை. பின்னாடி சுவத்துல தாத்தா போட்டோ. அவருக்கு இன்னும் பதினாறாம் நாள் காரியம்கூட முடியல. மாலை, மேல சின்ன பல்பு எல்லாம் அப்படியே இருக்கு. எழுத ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல ஸ்கிரீன்ல மெசேஜ், ஒருத்தருக்கு மேல இருக்காங்களாம். என்னடான்னு திரும்பிப் பார்த்தேன், அதுக்கு ஒரு வார்னிங். அம்மான்னு கூப்பிட்டேன், சத்தத்துக்கு ஒரு வார்னிங். ரிசல்ட் நிறுத்தி வச்சுட்டாங்க. விசாரணையில ஹெச்ஓடி ஸ்கிரீன்ஷாட்டைத் திருப்பிக் காட்டினார். என் முகத்தைச் சுத்தி ஒரு கட்டம், தாத்தா முகத்தைச் சுத்தி இன்னொரு கட்டம். "சார், அது எங்க தாத்தா, இறந்துட்டார்"னேன். அவர் சிரிக்கவும் இல்ல, வருத்தப்படவும் இல்ல, "லெட்டரா எழுதிக் குடு"ன்னார். மறுபடி எழுதி பாஸ் ஆயிட்டேன், அது வேற விஷயம்.

சாம்பல்நிலா:
என் பிரச்சினை நேர் எதிர். இருக்கிற ஒரு முகமே அதுக்குத் தெரியல. பிளேஸ்மென்ட் முதல் ரவுண்டு, ஹாஸ்டல் ரூம், தலைக்கு மேல டியூப்லைட். நான் நல்ல கறுப்பு. "முகம் தெரியவில்லை"ன்னே வந்துக்கிட்டு இருக்கு. பக்கத்து ரூம் பொண்ணு சிவப்பு, அதே லைட்டுக்குக் கீழ உக்காந்து சட்டுனு உள்ள போயிட்டா. கடைசியில ஸ்டடி லேம்ப்பை முகத்துக்கு நேரா வளைச்சு வச்சுத்தான் எழுதினேன். கண்ணுல தண்ணி கொட்டுது. துப்பட்டாவால துடைச்சா முகம் மறையுதாம், அதுக்கும் ஒரு கொடி, அதாவது சந்தேகக் குறி. ஆம்ஸ்டர்டாம்ல ஒரு மாணவி இதே காரணத்துக்காக 2022-ல மனித உரிமை அமைப்புக்கிட்ட புகார் கொடுத்தாங்க. பாகுபாடுன்னு சந்தேகப்பட இடமிருக்குன்னு முதல்ல சொன்னவங்க, அடுத்த வருஷம் நிரூபணமாகலன்னு முடிச்சுட்டாங்க.

வெட்டிஆபீசர்:
@சாம்பல்நிலா அது நிறம் இல்லம்மா, லைட்டிங். மேலிருந்து வெளிச்சம் விழுந்தா யாருக்கும் கண்ணுக்குழி இருட்டாத்தான் தெரியும். என் கதை சின்னது. ஒரு சர்டிஃபிகேஷன் எக்ஸாம்ல காதைக் காட்டு, மேஜைக்கு அடியில காட்டுன்னாங்க, காட்டினேன், முடிஞ்சுது. எல்லாரும் ஒண்ணு புரிஞ்சுக்கணும். இந்த சாஃப்ட்வேர் "காப்பி அடிச்சான்"னு தீர்ப்பு சொல்றதில்ல. முகம் காணோம், முகம் ரெண்டு, பார்வை விலகுது, பேச்சுச் சத்தம், வேற டேப் போனது, இப்படி ஒவ்வொண்ணையும் குறிச்சு வச்சு சந்தேக ஸ்கோர் போடும். எல்லையைத் தாண்டினா சிவப்பு. அந்த எல்லையை எங்க வைக்கிறதுங்கிறதுல பரீட்சை நடத்துறவங்களுக்கும் கை உண்டு. அதனால நாமதான் உஷாரா இருக்கணும். வெளிச்சம் முன்னாடியிலிருந்து வரட்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டாதீங்க. பின்னாடி காலண்டர், சாமி படம், கண்ணாடி எதுவும் வேண்டாம். ரெண்டாவது மானிட்டர் கேபிளைக் கழட்டுங்க, ஆஃப் பண்ணினா மட்டும் பத்தாது. எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி தூரத்துல இருந்து கம்ப்யூட்டரை இயக்குற சாஃப்ட்வேர் இருந்தா தூக்கிடுங்க. வாட்ஸ்அப் வெப் நோட்டிஃபிகேஷன் மேல வந்து விழுந்தா ஸ்கிரீன்ல வேற விண்டோவுக்குப் போனதாப் பதிவாகலாம். கேள்வியை வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க. கரண்ட் போனாலும் நெட் போகாம இருக்க மோடத்துக்கு ஒரு குட்டி யுபிஎஸ் வாங்கிப் போடுங்க.

கடைசிபெஞ்ச்:
@வெட்டிஆபீசர் பதினாறாம் நாளுக்கு முன்னாடி தாத்தா போட்டோவைக் கழட்டி உள்ள வைக்கணும்னு எங்க அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. அட்ரஸ் தரேன்.

சாம்பல்நிலா:
அதே லைட்டுக்குக் கீழ அவளுக்கு மட்டும் எப்படி வேலை செஞ்சுதுன்னு சொல்லலியே சார். யுபிஎஸ் கதையெல்லாம் அப்புறம் பேசலாம்.

சிவப்புமை:
நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தவன், காலேஜ் விரிவுரையாளர். சிவப்பு விழுந்த கிளிப்பை எல்லாம் எங்க தலையில கட்டிடுவாங்க. பாதிக்கு மேல பசங்க குனிஞ்சிருக்கிற கிளிப்தான். கணக்கு பேப்பர், ரஃப் ஷீட்ல போடாம ஆகாசத்துலயா போடுவாங்க? ஒரு கிளிப் மட்டும் மறக்க முடியல. ஒரு பொண்ணு சீரா முன்னும் பின்னும் அசைஞ்சுக்கிட்டே டைப் பண்ணுது. சந்தேக அசைவுன்னு சிவப்பு. சத்தத்தைக் கூட்டினா கிறீச் கிறீச்னு தொட்டில் கொக்கி. கயித்தைக் கால்ல மாட்டி ஆட்டிக்கிட்டே எழுதியிருக்கு. நான் பார்த்தேன், தள்ளிவிட்டேன். பார்க்காதவங்க?

@வெட்டிஆபீசர், தீர்ப்பு சொல்றதில்லங்கிறது பேப்பர்ல சரி. இந்த மாதிரி ஆன்லைன் கண்காணிப்பு நடத்துற பிராக்டர்யூ கம்பெனி 2021 மே மாசம் ஏஐயை மட்டும் நம்பி நடத்துற சேவையை நிறுத்தினப்ப அவங்களே சொன்ன கணக்கு, கொடி விழுந்த அமர்வுகள்ல சுமார் 11 சதவீதத்தைத்தான் கல்வி நிறுவனங்கள் திறந்தே பார்க்குது. கலிஃபோர்னியா வக்கீல் தேர்வுல 2020 அக்டோபர்ல சுமார் 9000 பேர் எழுதினாங்க, மூணுல ஒரு பங்குக்கு மேல கொடி. பெரும்பாலானவங்க மேல அப்புறம் ஒண்ணும் இல்லன்னு ஆச்சு. அத்தனை பேரும் வக்கீல் ஆகப்போறவங்க, சண்டை போடத் தெரியும். நம்ம ஊர் செகண்ட் இயர் பையன் என்ன பண்ணுவான்? சரி, உண்மையாவே காப்பி அடிக்கிறவன் மாட்டுறானா? நெதர்லாந்துல ட்வென்டே பல்கலைக்கழகத்துல 30 மாணவர்களை வச்சு சோதிச்சாங்க. அதுல 6 பேரைத் திருட்டுத்தனம் பண்ணச் சொல்லியே உக்கார வச்சாங்க. ஒருத்தர் மேலயும் சாஃப்ட்வேர் கொடி போடல.

வெட்டிஆபீசர்:
அப்ப யாரும் பார்க்கவே வேண்டாம், வீட்லயே புக்கைத் திறந்து வச்சு எழுதட்டும்னு சொல்றீங்களா? நேர்மையா எழுதுறவன் முட்டாளா?

சிவப்புமை:
புக்கைத் திறந்து வச்சாலும் எழுத முடியாத மாதிரி கேள்வி கேக்கலாமே. அது நம்ம வேலை, கேமரா வேலை இல்ல.

கரண்ட்போச்சு:
சண்டைக்கு நடுவுல என்னோடதையும் போட்டுடறேன். எழுதிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போச்சு. லாப்டாப் பேட்டரியில ஓடுது, மொபைல் ஹாட்ஸ்பாட் இருக்கு, பிரச்சினை இல்லன்னு நினைச்சேன். ஆனா ரூம் இருட்டு, அதனால "ஆள் இல்லை". அதே நேரம் தெருவே "கரண்ட் போச்சுடா"ன்னு கத்துது, அதனால "பேச்சுக்குரல்". ஆள் இல்லாத ரூம்ல பேசினது யாருன்னு அதுக்கு யோசிக்கத் தெரியல பாருங்க. விளக்கம் கேட்டாங்க. அன்னைக்குப் பேப்பர்ல வந்த மின்தடை அறிவிப்பை வெட்டி, ஸ்கேன் பண்ணி, எங்க ஏரியா பேரை அடிக்கோடு போட்டு அனுப்பியிருக்கேன். "பரிசீலனையில் உள்ளது"ன்னு தானா வர்ற மெயில்தான் வருது. இதுக்கு மேல யார்கிட்ட போகணும்? @சிவப்புமை சார், உங்களுக்குத் தெரியுமா?