‘மாத்திரைதானே’ என்றவர்களும், ‘எண் எவ்வளவு’ என்று கேட்டவரும்

எனக்கு இருப்பது நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். சி.எம்.எல். என்பார்கள். வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தன. இடது விலாவுக்குக் கீழே சில காலமாக இருந்த கனம் மண்ணீரல் வீக்கம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

“வந்ததிலேயே நல்ல வகை இதுதான்” என்று மருத்துவர் தேற்றினார். அவர் சொன்னதில் பொய்யில்லை. 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் ஒரு தவறான புரதம் உருவாகி, வெள்ளை அணுக்களைப் பெருக்கிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் இமாடினிப் மாத்திரை 2001இல் அனுமதி பெற்ற பிறகு, இந்த நோயின் தலையெழுத்தே மாறிவிட்டது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு சுற்றத்தார் எல்லோரும் நிம்மதியாகக் கலைந்துபோனார்கள். “மாத்திரைதானே!”

முடி கொட்டவில்லை, உடல் இளைக்கவில்லை. மருந்தால் கண்ணைச் சுற்றி நீர் கோத்து முகம் உப்பியதைப் பார்த்து, “நன்றாகத் தேறிவிட்டீர்கள்” என்று பாராட்டியவர்கள்கூட உண்டு. நள்ளிரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதையும், மதியத்துக்குள் உடல் ஓய்ந்துபோவதையும் அவர்களிடம் எப்படி விளக்குவது? விளக்குவதை விட்டுவிட்டேன்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் வரிசையில்தான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். பல ஆண்டுகளாக இதே மாத்திரையில் இருப்பவர். ஊர், பேர் கேட்பதற்கு முன்பே, “உங்கள் எண் எவ்வளவு?” என்றார். ரத்தத்தில் நோய் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று காட்ட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பி.சி.ஆர். என்ற மரபணுப் பரிசோதனையின் எண். 0.1 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். அந்த முடிவு வரும்வரை எனக்கு உறக்கம் வராது என்பது என் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து விழுங்குங்கள், குமட்டல் குறையும் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவரே.

ஒருமுறை 0.05இலிருந்து 0.2 ஆனது. பதறிப்போய் அவரைத்தான் அழைத்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனுஷி! “மாத்திரை ஏதாவது விட்டுப்போனதா? அதே ஆய்வகத்தில்தான் கொடுத்தீர்களா?” ஆய்வகம் மாறியிருந்தது. மருத்துவரிடம் சொன்னதும், பழைய இடத்திலேயே மறுபடி எடுக்கச் சொன்னார். 0.06.

*

மேலே எழுதியவருக்கு மாத்திரையாவது இருக்கிறது. என் அப்பாவுக்கு அதுவும் இல்லை! அவருக்கு சி.எல்.எல்., மெதுவாக வளரும் இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய். “இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், கண்காணிப்போம்” என்றார்கள். உறவினர்கள் விடுவார்களா? “புற்றுநோய் என்று தெரிந்தும் சும்மா இருப்பதா? மருத்துவரை மாற்றுங்கள்.” அறிகுறி இல்லாதபோது முன்கூட்டியே மருந்து கொடுப்பதால் ஆயுள் நீள்வதில்லை என்பதை ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. உதவியவர் என் சித்தப்பா ஒருவர்தான். மருத்துவரிடம் உடன் வருவார், சொல்வதைக் குறித்துக்கொள்வார். இரவில் உடை நனையும்படி வியர்க்கிறதா, எடை குறைகிறதா, கழுத்துக் கட்டி பெரிதாகிறதா என்று அவ்வப்போது கேட்பார். மற்ற நேரத்தில் இருவரும் கிரிக்கெட் பேசுவார்கள். அப்பாவுக்கு அந்தக் கிரிக்கெட்தான் பெரிய மருந்து.

*

நான் நோயாளி இல்லை, கொடையாளி. அக்காவுக்கு ஏ.எம்.எல்., வேகமாகப் பரவும் ரத்தப் புற்றுநோய். உடன்பிறந்தவர் ஒருவருடன் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான், எனக்குப் பொருந்தியது. சில நாள் ஊசி, அதனால் முதுகெலும்பு முறிவதுபோல் வலி, பிறகு கை நரம்பு வழியாகச் சில மணி நேரத்தில் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்து எடுத்து அக்காவுக்கு ஏற்றினார்கள். என் பங்கு அவ்வளவுதான்.

அக்காவுக்கு எதிர்ப்பு சக்தி தரைமட்டமான அந்த வாரங்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே ஓடவேண்டும். அதைச் சொன்ன பிறகும் இருமிக்கொண்டே பார்க்க வந்தவர்கள் உண்டு. வாசலோடு அனுப்பினேன், கோபித்துக்கொண்டார்கள், கோபிக்கட்டும். நேரில் ஒருநாளும் வராத அவளுடைய தோழிதான் பெரிய உதவி செய்தாள்: “எல்லோரும் என்னை அழைக்கட்டும், நீ எனக்கு மட்டும் சொல்” என்றாள். ஒரே கேள்விக்கு இருபது பேரிடம் பதில் சொல்லும் பாரம் அதோடு இறங்கியது.

நான் எழுத வந்தது வேறு. ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு அக்காவின் தோல் முழுக்கச் சிவந்து தடித்தது. கொடையாளியின் அணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்குவதாம். எஞ்சிய புற்றணுக்களையும் அதே அணுக்கள்தான் வேட்டையாடும் என்று மருத்துவர் விளக்கினார். இருந்தாலும், அவளைச் சொறியவைப்பது என் ரத்தம் என்று நினைத்தால் அவள் அறைக்குள் போகவே கால் வராது. அவளோ, “உன் அணுக்களுக்கும் உன் கோபம்தான்” என்று சிரித்தாள்.

கொடுத்தவருக்கு என்ன நோவு என்று யாரும் கேட்பதில்லை, கேட்கும்படி சொல்லவும் கூச்சம். இங்கே வேறு கொடையாளிகள் இருக்கிறீர்களா? இந்த எண்ணம் உங்களுக்கும் வந்ததா, எவ்வளவு நாளில் அடங்கியது?