பயாப்சிக்குத் தமிழில் ஒரு சொல் – திங்கட்கிழமைக்குள் வேண்டும்

மதுரை, சிறுநீரகப் பிரிவுச் செவிலியர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பிரிவில் நோயாளிகள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் புதிதாக எழுதுகிறோம். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, பயாப்சி என்ற ஒரு சொல்லில்தான் நிற்கிறேன். பழைய படிவத்தில் 'சிறுநீரகத் திசு அகற்றல்' என்று இருந்தது. போன மாதம் அதைப் படித்த ஓர் அம்மா, மகனுடைய கிட்னியையே எடுக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் அவனை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். பத்து நாள் கழித்து முகமும் காலும் வீங்கித் திரும்பி வந்தான். இருபது வயதுப் பையன். நாங்கள் ஊசி வழியாக எடுப்பது சேமியாத் துண்டு போல ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான். படிப்பவரைப் பயமுறுத்தாத, பொய்யும் சொல்லாத ஒரு சொல் தாருங்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மாவுக்கு வணக்கம். முதலில் 'திசுவாய்வு' வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பலர் இதைத்தான் எழுதுவார்கள். 'திசு' என்பது கொசு, பசு போலத் தனிக்குறிலை அடுத்த முற்றியலுகரம். உகரம் கெடாது, வகர உடம்படுமெய் வரும். இலக்கணப்படி சரிதான். ஆனால் காதில் விழுவது வாய்வு! சிறுநீரகத்தில் வாய்வு பிடித்திருக்கிறது என்று நோயாளி கசாயம் தேடிப் போவார்.

பயாப்சி என்ற பெயரை 1879இல் வைத்தவர் பெனியே என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர். கிரேக்கத்தில் உயிர், காட்சி என்ற இரண்டும் சேர்ந்தது. இறந்தவர் உடலை அறுத்துப் பார்ப்பதற்கு எதிராக, உயிரோடிருப்பவரின் உடலிலிருந்து எடுத்துப் பார்ப்பது. ஆகவே 'உயிர்' என்ற சொல்லை விடக்கூடாது. 'உயிர்த்திசு நோக்கு' என் பரிந்துரை. திசு என்பதே ஆங்கில ஒலியை அப்படியே தமிழாக்கியது என்பதால் அதற்கும் மாற்று இருந்தால் மகிழ்வேன்.

யாழ்ப்பாணம், உயிரியல் ஆசிரியை:

மாற்றுத் தேட வேண்டியதில்லை, ஐயா. இலங்கைப் பாடநூல்களில் அது இழையம்தான். நான் படித்ததும் படிப்பிப்பதும் அதையே. ஆங்கிலச் சொல்லின் வேரே பிரெஞ்சில் 'நெய்யப்பட்டது' என்ற பொருள்தான். 1801இல் பிஷா என்ற பாரிஸ் மருத்துவர் நுண்நோக்கி இல்லாமலே உடலில் 21 வகை இழையங்களைப் பிரித்துக் காட்டினார். இழை, இழைதல், இழையம் என்று எங்கள் மொழியிலேயே நெசவு இருக்கும்போது திசுவைக் கடன் வாங்குவானேன்? சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டுகிற நுண்கலன் முடிச்சுக்கும் நாங்கள் கலன்கோளம் என்கிறோம். பிள்ளைகளுக்குச் சொன்னவுடன் விளங்குகிறது. 'இழையச் சோதனை' என்று எழுதுங்கோ.

கோயம்புத்தூர், மொழிபெயர்ப்பாளர்:

இழையம் அழகான சொல்தான், அக்கா. ஆனால் மதுரை வார்டில் அதைக் கேட்பவர் கைத்தறிச் சங்கத்தை நினைப்பார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது, "சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க" என்பதுதான். மக்கள் வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் தேட வேண்டும்? 'சதைச்சோதனை' போதும். தசை என்பதும் சதை என்பதும் எழுத்து இடம் மாறிய இலக்கணப்போலிதானே. ஐயாவுக்கும் மறுப்பு இருக்காது.

சென்னை, நோய்க்குறியியல் மருத்துவர்:

எனக்கு மறுப்பு இருக்கிறது. அந்தப் போலியால்தான் சிக்கலே. மருத்துவத்தில் தசை என்பது கையை மடக்கும், காலை நீட்டும் தசை. அதிலும் பயாப்சி எடுக்கிறோம், அது வேறு சோதனை. சிறுநீரகத் துணுக்குக்குச் சதைச்சோதனை என்று பெயர் வைத்தால் தசை பயாப்சிக்கு என்ன சொல்வீர்கள்?

சொல் எதைச் சுமக்க வேண்டும் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். நாள் முழுக்க நான் பார்ப்பது இதைத்தான். அந்தச் சேமியாத் துண்டை மூன்றாகப் பிரிக்கிறோம். ஒரு பகுதி ஃபார்மலினில் ஊறி, சாயமேறி, சாதாரண நுண்நோக்கிக்கு வருகிறது. இன்னொன்று ஒளிரும் சாயம் கட்டிய எதிர்ப்பொருள்களோடு (ஆன்டிபாடி) இருட்டறைக்குப் போகிறது. மூன்றாவது எலக்ட்ரான் நுண்நோக்கிக்கு. முகம் வீங்கி வருகிற பிள்ளைகளில் ஒரு நோய் உண்டு. முதல் நுண்நோக்கியில் வடிமுடிச்சுகள் (யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன கலன்கோளங்கள்) ஒரு குறையும் இல்லாமல் தெரியும், மூன்றாவதில்தான் வடிகட்டும் செல்களின் பாதங்கள் தேய்ந்து ஒட்டிக்கிடப்பது தெரியும். அதற்கு ஸ்டீராய்டு பெரும்பாலும் கேட்கும். 1968இல் பாரிசில் பெர்ஜேயும் இங்லேயும் விவரித்த, ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வடிமுடிச்சுகளில் படியும் நோய்க்கோ இருட்டறையின் பச்சை ஒளிர்வுதான் சாட்சி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் சிறுநீரில் புரதம் போகலாம். மருந்தும் போக்கும் வேறு வேறு.

அரிய கட்டிகளிலும் இதே கதைதான். இரைப்பையில் வரும் ஜிஸ்ட் என்ற கட்டியை வெகுகாலம் மென்தசைக் கட்டி என்றே எழுதிவந்தார்கள். சாயத்தில் அப்படித்தான் தோன்றும். 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதில் கிட் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். இன்று துணுக்கின் மேல் கிட் புரதத்துக்கான எதிர்ப்பொருளைப் போட்டால் பெரும்பாலான ஜிஸ்ட் பழுப்பு நிறம் காட்டிவிடும். வழக்கமான கீமோ அதற்குப் பலன் தராது, இமாடினிப் மாத்திரை தரும். பெயர் மாறினால் மருந்தே மாறுகிறது.

ஆக, பயாப்சி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது. எடுப்பது ஒன்று, பார்ப்பது ஒன்று. நோயாளி பயப்படுவது எடுப்பதற்கு. அவருக்கு உதவுவது பார்ப்பது. பழைய படிவம் முதலாவதை மட்டும் சொன்னது, அதுவும் 'அகற்றல்' என்று.

தஞ்சாவூர்:

இது எனக்குப் புதுச் செய்தி, மருத்துவர் அம்மா. எடுப்பதும் பார்ப்பதும் ஒரே சொல்லில் அடங்கும் தமிழ் ஒன்று உண்டு: பதம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். கொஞ்சம் எடுத்து முழுவதையும் அறிவது. 'திசுப்பதம்', அல்லது அக்கா சொல்வதுபோல் 'இழையப்பதம்'. நெல்லுக்குப் பதம், பாகுக்குப் பதம், நிலத்துக்குப் பதம் என்று எவ்வளவு பழகிய சொல்! ஒரு நொடி தவறினால் கருகியோ குழைந்தோ போகும் அந்தத் தறுவாயை அறிகிற அறிவு அதற்குள் இருக்கிறது.

கோயம்புத்தூர்:

ஐயா, "கல் காலைப் பதம் பார்த்துவிட்டது" என்றும் சொல்கிறோமே. கையெழுத்துப் போடப் போகிறவரிடம் பதம் பார்க்கப் போகிறோம் என்றால் எழுந்து ஓடிவிடுவார்.

சென்னை:

அழகான சொல், எனக்கே ஆசையாக இருக்கிறது. ஆனால் பழமொழி இங்கே பொய்த்துவிடும். ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் வடிமுடிச்சுகள். எங்கள் துணுக்கில் பத்து, இருபது கிடைத்தால் நல்ல துணுக்கு. சில நோய்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தழும்பு போடும். அப்போது ஒரு சோறு வெந்திருக்கும், பக்கத்துச் சோறு வேகாது. துணுக்கு போதவில்லை என்று அறிக்கையிலேயே எழுத வேண்டிய நாள்களும் உண்டு. சோதனை தராத உறுதியைச் சொல் தரக்கூடாது.

'உயிர்' பற்றி ஐயா சொன்னதும் வரலாற்றுப்படி சரி. 1951இல் கோபன்ஹேகனில் இவர்சனும் புரூனும் ஊசியால் எடுத்த துணுக்குகளைப் பற்றி எழுதும்வரை, சிறுநீரகத் திசுவைப் பெரும்பாலும் பிணக்கூராய்விலோ அறுவையிலோதான் பார்க்க முடிந்தது.

மதுரை:

எல்லோருக்கும் நன்றி. 'உயிர்' என்ற சொல்லைப் படிவத்தில் போட்டால் முதல் கேள்வியே "உயிருக்கு ஆபத்தா?" என்றுதான் வரும், ஐயா. ரத்தக்கசிவு வரலாம் என்பதை வேறு வரியில் தெளிவாகவே எழுதியிருக்கிறேன். மருத்துவர் அம்மா போகிறபோக்கில் துணுக்கு, துணுக்கு என்று ஐந்தாறு முறை எழுதியிருக்கிறார். அதையே எடுத்துக்கொண்டேன். நேற்று வார்டில் நான்கு பேரிடம் வாசித்துக் காட்டினேன். மூன்று பேர், "கொஞ்சூண்டு எடுத்துப் பார்ப்பீங்க, அவ்வளவுதானே?" என்றார்கள். ஒருவர் பத்திரிகைத் துணுக்கா என்று கேட்டார்.

தலைப்பு: பயாப்சி எனப்படும் திசுத்துணுக்குச் சோதனை. உள்ளே 'துணுக்கு எடுத்தல்', 'துணுக்கைப் பார்த்தல்' என்று இரண்டு பத்தி.

யாழ்ப்பாணம்:

உங்கள் நோயாளிகளுக்கு அது விளங்கினால் சரி. ஆனால் துணுக்கை ஏற்றுக்கொண்டவர்கள் இழையத்தை ஏன் ஏற்கவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் 'இழையத்துணுக்கு' என்றே எழுதுவேன்.

தஞ்சாவூர்:

சரி அம்மா, அச்சுக்குப் போகட்டும். துணுக்கு வன்தொடர்க் குற்றியலுகரம், பின்னால் 'ச்' கட்டாயம் மிகும், அச்சகத்தில் விட்டுவிடப் போகிறார்கள். அந்தப் பையனுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். பதத்தை நான் கைவிடவில்லை.