சம்பா கோவில் நிற்பது அதே இடத்திலா, பக்கத்து இடத்திலா?

மிஷன் வீதிக்காரன்:
பல ஆண்டுகள் சென்னையில் இருந்துவிட்டு, பாட்டன் வீட்டுத் தெருவைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்துபோன ஒருவர் நேற்று இங்கே நீண்ட பதிவு ஒன்று எழுதியிருக்கிறார். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில் நடந்தாராம். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லையாம். டீக்கடையில் உட்கார்ந்தால் வந்தவன் எந்த மதம் என்று பார்த்துத்தான் பேச்சே தொடங்குகிறதாம். ஊர் பிளந்து கிடக்கிறதாம். கண்ணில் பட்டதை எழுத அவருக்கு உரிமை உண்டு. ஆனால் கடைசிப் பத்தியில், மிஷன் வீதியில் இருக்கும் எங்கள் கத்தோலிக்கப் பேராலயமான சம்பா கோவிலைக் காரணமாகச் சொல்லியிருக்கிறார்: "1748-இல் இடிக்கப்பட்ட வேதபுரீஸ்வரர் கோவிலின் மேலேயே சம்பா கோவில் நிற்கிறது. அது அங்கே நிற்கும்வரை இந்தப் பிளவு ஆறாது."

மேலேயே என்று யார் சொன்னது? அன்றைய பிரெஞ்சுக் கவர்னரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் திறந்து பாருங்கள். ஈஸ்வரன் கோவில், அதாவது அந்த வேதபுரீஸ்வரர் கோவில், சம்பா கோவிலுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டும் ஒரே காலத்தில் அடுத்தடுத்து நின்றவை. பக்கத்தில் இருந்ததை மேலே என்று எழுதுவது சாதாரணப் பிழை இல்லை. நாளைக்கு ஒருவன் இதை நம்பிக் கடப்பாரை எடுத்துக்கொண்டு வருவான்.

வேதபுரிப் பேரன்:
"வந்துபோன ஒருவர்" நான்தான். பெயர் தெரியாதவனைப் போல எழுத வேண்டாம். என் பாட்டன் பிறந்து, வாழ்ந்து, இறந்த தெரு அது. ஒன்று மட்டும் கேட்கிறேன். கோவிலை இடித்தார்களா இல்லையா? 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகையைச் சாக்காக வைத்துப் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளே உத்தரவு கொடுத்தார். பாதிரியார்கள் முன்னே நிற்க, கூலியாட்கள் இடித்தார்கள். சாமான்களை எடுத்துக்கொண்டு காளத்தீஸ்வரர் கோவிலுக்குப் போகச் சொன்னார்கள். இதை எழுதியவரும் உங்கள் ஆனந்தரங்கப் பிள்ளைதான். இவ்வளவு நடந்திருக்க, நீங்கள் மேலேயா பக்கத்திலா என்று நிலம் அளக்கிறீர்கள்.

மிஷன் வீதிக்காரன்:
இடித்ததை நான் எங்கே மறுத்தேன்? இடித்தார்கள். அது கேவலமான செயல். ஐம்பது ஆண்டுகளாகப் பாதிரியார்கள் அதற்காகக் கவர்னர்களை நச்சரித்தார்கள் என்றும், "இது தமிழர் நாடு, அப்படிச் செய்தால் நமக்கு அவப்பெயர் வரும், வணிகர் வரமாட்டார்கள்" என்று முந்தைய கவர்னர்கள் மறுத்துவிட்டார்கள் என்றும் பிள்ளை எழுதியிருக்கிறார். இவ்வளவையும் நானே சொல்கிறேன். சம்பா கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவன் சொல்கிறேன்.

ஆனால் இடம் வேறு. 1746-ஆம் ஆண்டின் கடைசியில் நடந்ததைப் பாருங்கள். சம்பா கோவில் வளாகத்திலிருந்து அசுத்தம் நிறைந்த சட்டி ஒன்று ஈஸ்வரன் கோவிலுக்குள் வந்து விழுந்தது. கோவிலைச் சுற்றி வலம் வந்துகொண்டிருந்த ஒருவர் தலையில் விழாமல் தப்பினார். இந்த வளாகத்திலிருந்து அந்த வளாகத்துக்குச் சட்டி பறக்க வேண்டுமானால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா? மேலேயே இருந்தால் எப்படி எறிவது?

வேதபுரிப் பேரன்:
அசுத்தம் எறிந்த கதையைத் தன் வாதத்துக்குச் சான்றாகக் கொண்டுவருகிற துணிச்சல் உங்களுக்குத்தான் உண்டு. நல்லது, பக்கத்தில் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அது 1746. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சம்பா கோவிலும் போயிற்று. இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1791-இல் எழும்பியது. பக்கத்து மனை காலியாகக் கிடக்கிறது, கேட்க ஆளில்லை. புதிதாகக் கட்டுகிறவன் பழைய எல்லைக்கல்லைத் தேடியா கட்டுவான்? பிள்ளை 1761-இல், ஊர் விழுவதற்குச் சில நாள் முன்பே இறந்துவிட்டார். அவர் நாட்குறிப்பை வைத்து 1791-இல் கட்டியது எங்கே என்று எப்படிச் சொல்வீர்கள்?

மிஷன் வீதிக்காரன்:
அதையேதான் நானும் கேட்கிறேன். நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்? "நிற்கிறது" என்று அடித்து எழுதியவர் நீங்கள். நிறுவ வேண்டியவரும் நீங்கள்தான்.

முதுநகர் மைந்தன்:
கடலூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் இருவருக்கும் ஒன்றை நினைவூட்டுகிறேன். 1748-இல் முற்றுகைக்கு வந்த ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் படையைச் சேர்த்துக்கொண்டு கிளம்பியது எங்கள் தேவனாம்பட்டினம் கோட்டையிலிருந்து. வெள்ளைக்காரன் இருவர் அடித்துக்கொண்டதில் நம் கோவில் போயிற்று. இதில் அண்டை வீட்டுக்காரர்கள் சண்டையிட என்ன இருக்கிறது? கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் தேர் ஓடுகிறது, முதுநகரில் பள்ளிவாசல் இருக்கிறது, மஞ்சக்குப்பத்தில் சர்ச் இருக்கிறது. எங்களுக்குள் இப்படிப்பட்ட பேச்சே எழுந்ததில்லை. கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பரைக் கரையேற்றிய மண் இது.

மிஷன் வீதிக்காரன்:
அப்பரைக் கல்லோடு கடலில் போட வைத்தவர்கள் யார் ஐயா? சமணர்கள் என்றுதானே சொல்கிறீர்கள். பிறகு அந்தச் சமணர்கள் என்ன ஆனார்கள்? பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளையும் பாழிகளையும் இடித்துக் கொண்டுவந்து பல்லவன் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோவிலை எடுத்தான் என்று பாடுவது பெரியபுராணம். அந்தப் பாடலிபுத்திரம் உங்கள் திருப்பாதிரிப்புலியூர்தான். இடித்த கல்லில் கட்டிய கோவிலைப் பற்றி உங்களுக்குப் பேச்சே எழுந்ததில்லை, ஏனென்றால் எழுப்புவதற்குச் சமணர் யாரும் மிச்சமில்லை.

முதுநகர் மைந்தன்:
சமாதானம் பேச வந்தவனிடம் ஆயிரத்து நானூறு ஆண்டுக் கணக்கைக் கேட்கிறீர்கள். சேக்கிழார் வாக்கைத் திருப்பிப் போட்டு எங்கள் ஊரைப் பழிக்க உங்களுக்கு யார் இடம் கொடுத்தது? அந்தச் செய்யுளை முழுதாகப் படித்தீர்களா, யாரோ சொல்லக் கேட்டீர்களா?

மிஷன் வீதிக்காரன்:
முழுதாகப் படித்தேன். தமிழாசிரியர் வீட்டில் பிறந்தவன் நான். கிறிஸ்தவனுக்குப் பெரியபுராணம் தெரியாது என்ற நினைப்பு உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

முல்லா வீதி மகள்:
அண்ணன்மார் இருவரும் நாட்குறிப்பில் வேண்டிய பக்கத்தை மட்டும் கிழித்துக் காட்டுகிறீர்கள். அதே நாளில் மசூதியையும் இடிக்க உத்தரவு வந்தது. சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் துய்ப்ளேயிடம் போய், பள்ளிவாசலைத் தொட்டால் ஒரு சிப்பாயும் மிஞ்சமாட்டான் என்று சொன்னார். உத்தரவு நின்றது. கையில் துப்பாக்கி இருந்தவர்களின் தொழுகையிடம் தப்பியது; இல்லாதவர்களின் கோவில் போயிற்று. எது எந்த மனையில் இருந்தது என்பதைவிட இது பெரிய சேதி என்று எனக்குப் படுகிறது. உங்களுக்கு அது கண்ணில்கூடப் படவில்லை.

பிளவைப் பற்றிப் பேசுகிறீர்களே, நான் சொல்கிறேன். என் பாட்டனார் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர். அங்கிருந்து திரும்பி முல்லா வீதியில் வீடு கட்டினார். நான் வெளியூரில் வேலை பார்த்துவிட்டுப் போன ஆண்டு ஊர் திரும்பினேன். பிள்ளையின் பள்ளிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று வடக்கே, இவர் நடந்து வந்த அந்தத் தெருக்களில், வாடகைக்கு வீடு தேடினேன். பலகை தொங்கிய வீடுதான். தரகர் சாவியோடு வந்தார். பெயரைக் கேட்டார். சொன்னேன். வீட்டுக்காரர் மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறாராம், வீடு காலி இல்லை என்றார். பலகை அதற்குப் பிறகும் தொங்கியது. அதைத் தொங்கவிட்டவர் துய்ப்ளேயா?

வேதபுரிப் பேரன்:
சகோதரிக்கு நேர்ந்தது தவறு. ஆனால் முல்லா வீதியில், காஜியார் தெருவில் எங்களுக்கு வீடு கொடுப்பார்களா? அதையும் சேர்த்து எழுதுங்கள்.

முல்லா வீதி மகள்:
வந்து கேட்டீர்களா? கேட்காமலே இல்லை என்கிறீர்கள். நான் கேட்டேன், அவமானப்பட்டுத் திரும்பினேன். இரண்டும் ஒன்றா?

மிஷன் வீதிக்காரன்:
அம்மா, உங்கள் செய்தி முக்கியமானதுதான், பிறகு பேசுவோம். முதலில் இவர் மேலேயே என்றதற்குப் பதில் வரட்டும்.

முல்லா வீதி மகள்:
பிறகு பேசுவோம், பிறகு பேசுவோம். என் வீட்டுப் பேச்சு எப்போதும் உங்களுக்குப் பிறகுதான்.

நெல்லித்தோப்பான்:
மனைச் சண்டை போடும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 1745-இல் அதே நாட்குறிப்பில் இன்னொரு செய்தி இருக்கிறது. சம்பா கோவிலுக்குள்ளேயே எங்கள் தலித் மக்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து உட்கார வைக்கச் சுவர் எழுப்பியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் திரண்டு போய் முறையிட்ட பிறகுதான் அதை எடுத்தார்கள். பக்கத்தில் இருந்த ஈஸ்வரன் கோவிலில் எங்களுக்கு வாசலே இல்லை. மேலே இருந்தாலும் பக்கத்தில் இருந்தாலும் என் பாட்டனுக்கு அந்த இரண்டு மனையிலும் நிற்க இடமில்லை. அவருடைய தெருவுக்குத் திரும்பிப் போய்க் கண்ணீர் விட்டு எழுதுகிறவர் யார்?

மிஷன் வீதிக்காரன்:
பார்த்தீர்களா, தம்பியும் "பக்கத்தில் இருந்த ஈஸ்வரன் கோவில்" என்றுதான் எழுதுகிறார்.

நெல்லித்தோப்பான்:
நான் எழுதியதில் உங்கள் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தானா? சுவரைப் பற்றி ஒரு வரி பேசமாட்டீர்களா? அந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் உங்கள் பாட்டனார் அமர்ந்திருந்தார் என்று சொல்லுங்கள்.

சொல்தா பேரன்:
பாரிசிலிருந்து வணக்கம். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவரின் பேரன் நான். இதைப் படிக்கவே மனம் நோகிறது. நான் வளர்ந்த புதுச்சேரி இதுவல்ல. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேரைப் பிரெஞ்சுக் கவர்னரே வடம் பிடித்து இழுத்தார். இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து இழுக்கிறார். அதே வில்லியனூர் லூர்து மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறோடு வருகிறவர்கள். மாசி மகத்தில் வைத்திக்குப்பம் கடற்கரையில் யாரும் யாரையும் மதம் கேட்பதில்லை. நல்லதை எழுதுங்கள்.

வேதபுரிப் பேரன்:
1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம், பிரான்சின் ஓய்வூதியத்தில் கட்டிய வீடு, டிசம்பரில் வந்து இரண்டு வாரம் வாசனைத் திரவியம் பங்கிட்டுவிட்டுப் போகிறவர். உங்களுக்கு ஊர் நன்றாகத்தான் தெரியும். கவர்னர் தேர் இழுத்ததை நன்றியோடு நினைக்கிற நீங்கள், இன்னொரு கவர்னர் கோவில் இடித்ததை ஏன் மறந்தீர்கள்?

சொல்தா பேரன்:
என் பாட்டனார் அந்த ஓய்வூதியத்தை இந்தோசீனாவில் குண்டடிபட்டுச் சம்பாதித்தார். யாரிடமும் பிச்சை எடுக்கவில்லை. வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போன உங்களைவிட, விற்காமல் பூட்டி வைத்திருக்கும் நான் இந்த ஊர்க்காரன்.

மிஷன் வீதிக்காரன்:
வீட்டை விற்ற பேச்சு வந்துவிட்டது. நான் எடுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இவர் தெரு மாறிவிட்டது, தெரிந்த முகமில்லை என்று ஊரெல்லாம் அழுகிறார். எனவே சொல்கிறேன். வேதபுரிப் பேரன் யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டு முற்றமும், மரத்தூண் தாழ்வாரமும், வாசல் திண்ணையும் எனக்குத் தெரியும். அவர்கள் விற்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு என் தந்தை நேரில் போனார். சொன்ன விலையைக் கொடுக்கிறேன் என்றார். இவருடைய பெரியப்பா உட்காரக்கூடச் சொல்லாமல், "எங்கள் ஆட்களுக்குத்தான் கொடுப்பதாக இருக்கிறோம்" என்றார். கொடுத்தார்கள். வாங்கிய அந்தச் சொந்த ஆள் அடுத்த ஆண்டே வெளியூர் முதலாளி ஒருவருக்குக் கைமாற்றினார். இன்று அது தங்கும் விடுதி. திண்ணையை இடித்துக் கண்ணாடிக் கதவு வைத்திருக்கிறார்கள். என் தந்தை வாங்கியிருந்தால் திண்ணை இருந்திருக்கும், நீங்கள் வந்து உட்கார்ந்திருக்கலாம். தெரிந்த முகம் இல்லை என்கிறீர்கள். தெரிந்த முகத்தை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது உங்கள் குடும்பம். அதற்கும் 1748-ஐக் காரணம் சொல்லாதீர்கள்.

வேதபுரிப் பேரன்:
பொதுவெளியில் குடும்ப விஷயம் பேசுகிற அளவுக்கு இறங்கிவிட்டீர்கள். உங்கள் தந்தை சொன்ன விலையைக் கொடுக்கிறேன் என்றாரா? பாதியை இப்போது, மீதியைத் தவணையில் என்றார். பங்காளிகள் ஐந்து பேர், ஒருவருக்குப் பெண் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. தவணைக்குக் காத்திருக்க முடியுமா?

மிஷன் வீதிக்காரன்:
தவணை என்று ஒரு பேச்சும் எழவில்லை. நான் உடன் போயிருந்தேன். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் பெரியப்பா சொன்னது எனக்குக் கேட்டது.

வேதபுரிப் பேரன்:
வாசலில் நின்றவருக்கு உள்ளே பேசியது முழுதாகக் கேட்டதாம்.

மிஷன் வீதிக்காரன்:
உள்ளே யார் கூப்பிட்டார்கள்?

முதுநகர் மைந்தன்:
பெரியபுராணச் செய்யுளைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் சரியான பதில் வரவில்லை. பாடலிபுத்திரம் எங்கள் ஊர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று முதலில் சொல்லுங்கள்.

நெல்லித்தோப்பான்:
சுவருக்கும் பதில் வரவில்லை.

மிஷன் வீதிக்காரன்:
எல்லோருக்கும் பதில் தருகிறேன். முதலில் இது முடியட்டும். வேதபுரிப் பேரனே, உங்கள் பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்துவிட்டார்கள். கீழே ஒருவன் "அப்படியானால் மீட்போம்" என்று எழுதியிருக்கிறான். அவனுக்கு நீங்கள் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. நான் அந்தக் கோவிலுக்கு எதிர் வரிசையில் குடியிருக்கிறேன். என் பேத்திகள் அங்கே மறைக்கல்விக்குப் போகிறார்கள். உங்களுக்கு அது பாட்டன் ஊர் நினைவு. எனக்கு அது நாளைக் காலை. மேலேயே என்பதை எடுத்துவிட்டுப் பக்கத்தில் என்று திருத்துங்கள். அல்லது 1748-க்கு முந்திய வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து இன்றைய வரைபடத்தின் மீது வைத்துக் காட்டுங்கள்.

வேதபுரிப் பேரன்:
எவனோ எழுதியதற்கு நான் பொறுப்பில்லை. மாசி மகத்துக்கு வருகிறேன். வரைபடத்தோடு வருகிறேன். நாடா பிடிக்க ஆள் இருந்தால் சொல்லுங்கள்.

மிஷன் வீதிக்காரன்:
நாடாவை எந்தச் சுவரிலிருந்து எந்தச் சுவருக்குப் பிடிப்பீர்கள்? ஒரு சுவரை 1748-இல் இடித்துவிட்டார்கள், இன்னொன்றை 1761-இல். முதலில் திருத்துங்கள். பக்கத்தில்.

வேதபுரிப் பேரன்:
திருத்தமாட்டேன். மேலேயே.